இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டு

1

என் மகள் எதையும் தொடுவதில்லை என்று பாலர் பள்ளியில் சொன்னார்கள்.

சொன்னவர் பிர்கிட், அவளுடைய ஆசிரியை. ஜெர்மனியில் பாலர் பள்ளி ஆசிரியையைக் குழந்தைகள் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகின்றன. பெற்றோரும் அப்படியே. எனக்கு இன்னும் வாய் பழகவில்லை. மனதுக்குள் ஒருமுறை 'மிஸ்' என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே 'பிர்கிட்' என்பேன்.

அன்று மதியம் ஷெரினை அழைத்துவரப் போயிருந்தேன். அவளுடைய குளிர்கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது பிர்கிட் வந்து என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சொன்னார். மணல் தொட்டியில் மற்றப் பிள்ளைகள் முழங்கை வரை புதைந்து விளையாடுகிறார்கள், ஷெரின் ஓரத்தில் நிற்கிறாள். விரலால் வண்ணம் பூசச் சொன்னால் பூசுவதில்லை. களிமண் மேசைக்குக் கூட்டிக்கொண்டு போனால் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு அப்படியே நிற்கிறாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கைகளை இறக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விடுகிறாள்.

"வீட்டில் எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டார்.

"வீட்டில் நன்றாக இருக்கிறாள்" என்றேன். ஜெர்மன் மொழியில் எனக்குப் பிழையில்லாமல் வரும் சில வாக்கியங்களில் அது ஒன்று.

பிர்கிட் தலையாட்டினார். சுகாதார அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டதா என்று விசாரித்தார். வந்திருந்தது. இங்கே முதல் வகுப்பில் சேரும் முன் ஒவ்வொரு குழந்தையையும் அரசாங்க மருத்துவர் ஒருவர் பரிசோதிப்பார். கண், காது, பேச்சு, கை வேலை. பிள்ளை இன்னும் தயாராகவில்லை என்று அவர் எழுதிவிட்டால் ஒரு வருஷம் தள்ளிப்போகும். அல்லது வேறு விதமான பள்ளிக்கு அனுப்புவார்கள். அந்த 'வேறு விதம்' என்பதைப் பிர்கிட் மிகவும் மென்மையாகச் சொன்னார். அந்த மென்மைதான் என்னை வீடு வரை துரத்தியது.

என் கணவர் சாம் இந்த ஊரில் ஒரு காலணி நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். மாலையில் வந்ததும் சொன்னேன்.

"கொழந்தைங்கன்னா அப்படித்தாம்மா. ஒண்ணு மண்ணுல பொரளும், ஒண்ணு வேடிக்கை பாக்கும். நீ ஜாஸ்தி யோசிக்கிற."

"டாக்டரும் அப்படியே நெனைப்பாங்களா?"

அவர் டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

எனக்குத்தான் உட்கார முடியவில்லை. என்ன செய்துவிட்டேன்? பள்ளியில் சிரிக்கக் கூடாதென்று சோற்றை ஸ்பூனால் சாப்பிடப் பழக்கினேன், அதனாலா? பேருந்தில் கம்பியைத் தொடாதே, கடையில் பழத்தைத் தொடாதே, மாடிப்படியில் பக்கத்து வீட்டுக்காரரின் நாயைத் தொடாதே என்று சொல்லிச் சொல்லியே வளர்த்துவிட்டேனோ? இங்கே வாடகை வீட்டில் இருக்கும் வெளிநாட்டுக்காரி வேறு எப்படி வளர்ப்பாள் என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். பிறகு அந்த வாதமும் பிடிக்காமல் எழுந்துபோய், கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினேன்.

2

நான் பிறந்து வளர்ந்தது ஆம்பூர். அப்பா தேவசகாயம் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தார். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு முடியை இளக்கும் இடம் அது. சுண்ணாம்போடு வேறு மருந்துகளும் சேர்ப்பார்கள். கையுறை என்ற பேச்சே அப்போது கிடையாது. அப்பாவின் உள்ளங்கை எப்போதும் வெளுத்து, விரல் நுனியில் வெடித்து இருக்கும். நகங்கள் மஞ்சள்.

என் தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது ஒருநாள் அப்பா வேலையிலிருந்து வந்த கையோடு அவனைத் தூக்கிவிட்டார். கழுத்தெல்லாம் சிவந்து தடித்துப்போய், குழந்தை விடாமல் வீறிட்டது. அன்றைக்கு அம்மா ஒரு சட்டம் போட்டாள்.

அந்தச் சட்டம் அவளுடைய கம்பெனியிலிருந்து வந்தது. அம்மா ஷூ கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். ஏற்றுமதிக்குப் போகும் வெள்ளைத் தோல் ஷூக்கள். ஒரு விரல் ரேகை பட்டாலும் அந்த ஜோடியைத் தள்ளிவிடுவார்கள். அதனால் காலையில் பேக்கிங் ஹாலுக்குள் நுழையும்போதும், சாப்பிட்டுவிட்டு மறுபடி வரும்போதும் பெண்கள் வாசலில் வரிசையாக நிற்க வேண்டும். சூப்பர்வைசர் ஒவ்வொருத்தியாகச் சோதிப்பார். "கையைக் காட்டு. திருப்பு. சரி, போ." அந்தச் சொற்களை அம்மா அப்படியே வீட்டு கேட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அப்பா சாயங்காலம் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நேராகக் குழாயடிக்குப் போவார். தேய்த்துக் குளித்துவிட்டு, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வந்து, எங்கள் முன்னால் கையை நீட்டுவார். முதலில் உள்ளங்கை. பிறகு புறங்கை. அம்மா முகர்ந்து பார்ப்பாள்.

"சரி, போ" என்பாள்.

"பாஸா?" என்பார் அப்பா.

"இன்னைக்கி பாஸ். நேத்து மாதிரி நகத்துல வெச்சிக்கினு வந்தா ரிஜெக்ட்தான்."

நாங்கள் சிரிப்போம். அதன் பிறகே அவர் மடி எங்களுக்கு. கொஞ்ச நாளில் எங்கள் கையையும் சோதிக்கும் பழக்கம் வந்துவிட்டது. சாப்பாட்டுக்கு முன், பைபிளைத் தொடும் முன், புதுத் துணியை எடுக்கும் முன். கையை நீட்டி நிற்போம். பெரியவர்கள் பார்ப்பார்கள். போ என்பார்கள். எங்கள் வீட்டில் அது ஒரு கொஞ்சல் போலவே இருந்தது.

பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்று நான் பள்ளியில் முதலாவதாக வந்திருந்தேன். டீக்கடையில் யாரோ சொல்லி அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. ஷாப்பிலிருந்து பாதி வேலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். நான் கேட்டுக்கு ஓடினேன். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "இரு, இரு, கிட்ட வராத, வந்துட்றேன்" என்று குழாயடிக்கு ஓடினார். அவர் குளித்துவிட்டு வருவதற்குள் தோழிகள் வந்து என்னைச் சர்ச்சுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். திரும்பி வந்தபோது வீடு நிறைய ஆட்கள். அப்பா எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார்.

3

பிர்கிட் பேசிய அடுத்த வாரம் பாலர் பள்ளியிலிருந்து குழந்தைகளை ஒரு கண்காட்சிக்குக் கூட்டிப்போனார்கள். பெற்றோரில் சிலர் துணைக்கு வரலாம் என்றார்கள். நான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். ஷெரின் என்ன செய்கிறாள் என்று என் கண்ணாலேயே பார்க்க வேண்டும்.

ஊருக்குப் போன் செய்தபோது அம்மாவிடம் சொன்னேன். பள்ளியில் சொன்ன கவலையை மறைத்துவிட்டேன். கண்காட்சியை மட்டும் சொன்னேன்.

"அது இன்னா கண்காட்சி?"

"ஒரு ஆர்ட்டிஸ்ட் செஞ்சதும்மா. எல்லாத்தையும் தொட்டுப் பாக்கணுமாம். பெரிய பெரிய தோலெல்லாம் தொங்கவிட்டிருக்காங்களாம்."

"தோலா? தோலத் தொடறதுக்கு டிக்கெட்டா? உங்க அப்பாவுக்கு இது தெரியாமப் போச்சே. தெரிஞ்சிருந்தா இந்நேரம் நாம பங்களாவுல இருந்திருப்போம்."

பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. "ஆட்டுத் தோலா மாட்டுத் தோலா, கேளு."

"ஆங், உனக்கு இப்ப அது ரொம்ப முக்கியம். ஏண்டி, உன் கொரலு ஏன் ஒரு மாதிரி இருக்குது?"

"சளிம்மா."

"எப்பப் பாத்தாலும் சளின்ற. அந்த ஊரு தண்ணி உனக்கு ஒத்துக்கல."

4

கண்காட்சி நடந்த கட்டடம் ஒரு காலத்தில் செருப்புத் தொழிற்சாலையாக இருந்தது. இந்த ஊரும் ஆம்பூர் மாதிரி காலணியால் பிழைத்த ஊர்தான். தொழிற்சாலைகள் எப்போதோ மூடிவிட்டன. அந்த உயரமான கூடத்தில் ஒரு பெண் கலைஞர் தன் படைப்பை அமைத்திருந்தார். வாசலில் பெரிய எழுத்தில் ஒரே ஒரு சொல், 'தொடுங்கள்' என்று.

உள்ளே கூரையிலிருந்து தரை வரை தோல்கள் தொங்கின. முழு முழு மாட்டுத் தோல்கள், வரிசை வரிசையாக, ஈரத் துணி காயப்போட்டதுபோல. அவற்றை விலக்கிக்கொண்டு நடக்க வேண்டும். வழவழப்பாக ஒன்று, சொரசொரப்பாக ஒன்று, முடியோடு ஒன்று. அதைத் தாண்டினால் கம்பளி நூல் சுவர். பிறகு குளிர்ந்த கூழாங்கற்கள் நிறைந்த தொட்டி. எல்லாவற்றிலும் கை வைக்கலாம், முகம் வைக்கலாம், கட்டிப்பிடிக்கலாம்.

பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு தோல்களுக்குள் ஓடி மறைந்தார்கள். என்னோடு துணைக்கு வந்திருந்த ஒரு பையனின் தகப்பனார் ஒரு தோலில் மூக்கைப் புதைத்து நீளமாக இழுத்தார்.

"ஆஹா, என்ன ஒரு வாசனை!" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "நீங்களும் பாருங்கள்."

நான் கைகளைக் கோட்டுப் பைக்குள் வைத்தபடி சிரித்தேன். கல்லூரியில் படிக்கும்போது காட்பாடியில் ரயிலேறி பெங்களூருக்குச் சுற்றுலா போனோம். ஆம்பூர் நெருங்கியதும் சென்னைப் பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். "ஜன்னலச் சாத்துங்கடி, ஊரு வருது!" எனக்கு எந்த வாடையும் தெரியவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் வாடை அடிக்கிறது என்று தெரிந்துகொண்டேன். இப்போது பதப்படுத்தி மெருகேற்றிய அந்தத் தோல்களுக்கு நடுவில், ஒருவர் ஆஹா என்று சொல்லும்போது, எனக்குச் சட்டென்று மூக்கில் ஏறியது. எங்கள் வீட்டுக் குழாயடியின் வாடை. அவர் முகர்ந்த வாசனையும் நான் முகர்ந்த வாடையும் ஒன்றா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் ஷெரின் என் பக்கத்தில் இல்லை என்பதைக் கவனித்தேன்.

அவள் வாசலைத் தாண்டியே வரவில்லை. அங்கே நீலச் சீருடையில் ஒரு வயதான காவல்காரப் பெண் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஷெரின் அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கைகளையும் நீட்டியிருந்தாள்.

அந்தப் பெண் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கண்காட்சியின் துண்டறிக்கை ஒன்றை எடுத்து அந்தக் கைகளில் வைத்தார். ஷெரின் அதைக் கோட்டுப் பைக்குள் செருகிக்கொண்டாள். மறுபடி கைகளை நீட்டினாள். அந்தப் பெண் யோசித்துவிட்டு, தன் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து வைத்தார். ஷெரின் நன்றி சொல்லி அதையும் பைக்குள் போட்டுக்கொண்டாள். மறுபடி கைகளை நீட்டினாள். முதலில் உள்ளங்கை. பிறகு மெதுவாகத் திருப்பிப் புறங்கை.

காவல்காரப் பெண் 'இனி என்னிடம் ஒன்றும் இல்லையே' என்பதுபோலத் தன் கைகளை விரித்துக் காட்டினார்.

மணல் தொட்டியின் ஓரம், களிமண் மேசை, வண்ணக் கிண்ணங்கள். வீட்டில் சாப்பாட்டுக்கு முன் என்னிடம் நிற்பதுபோலவே, எல்லா இடத்திலும் என் மகள் இப்படித்தான் நின்றிருக்கிறாள். கையைக் காட்டிவிட்டு, யாராவது பார்த்து 'போ' என்று சொல்வார்கள் என்று காத்திருந்திருக்கிறாள். பாலர் பள்ளியில் எத்தனையோ பேர் அவளைக் கவனித்திருக்கிறார்கள், எழுதி வைத்திருக்கிறார்கள். அவள் கையை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

நான் போய் அவள் முன்னால் மண்டியிட்டேன். கைகளைப் பிடித்தேன். சில்லென்று இருந்தன.

"காட்டு."

காட்டினாள்.

"திருப்பு."

திருப்பினாள்.

"சரி, போ."

விட்ட அம்பு மாதிரி ஓடினாள். தோல்களுக்கு நடுவில் அவள் போன பாதை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து அவள் கத்துவது கேட்டது. வீட்டில்கூட அவள் அப்படிக் கத்திக் கேட்டதில்லை.

5

கடைசிக் கூடத்தில் ஒரு மரச்சுவர். அதில் வட்டமான துளைகள். உள்ளே கையை விட்டு, கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தடவிப் பார்க்க வேண்டும். சில துளைகளுக்குப் பின்னால் பொருள் எதுவும் இருக்காது. அந்தப் பக்கம் நிற்கும் யாரோ ஒருவரின் கை வரும்.

ஷெரின் ஒரு துளைக்குள் கையை விட்டாள். உடனே வெளியே இழுத்தாள். அவள் விரல்களைப் பிடித்தபடி ஒரு பெரிய கையும் கூடவே வந்தது. மணிக்கட்டில் சிவப்புக் கயிறு. பிர்கிட்டின் கை.

ஷெரின் பயப்படவில்லை. அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கையைப் பார்த்தாள். திருப்பிப் புறங்கையைப் பார்த்தாள். நகங்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். குனிந்து முகர்ந்தாள். பிறகு தமிழில், எங்கள் அம்மாவின் அதே தொனியில், "சரி, போ" என்று அந்தக் கையைத் துளைக்குள் திருப்பி அனுப்பினாள்.

சுவருக்குப் பின்னாலிருந்து பிர்கிட் வந்தார். முகத்தில் சிரிப்பும் குழப்பமும்.

"இப்போது என்ன நடந்தது?"

நான் சொல்ல முயன்றேன். சுண்ணாம்புக்கு ஜெர்மன் சொல் தெரியும், சுண்ணாம்புக் குழிக்குத் தெரியவில்லை. பேக்கிங் ஹாலைச் சொல்லத் தெரிந்தது, அது வீட்டுக்குள் எப்படி வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. இந்த மொழியிலும் 'நீ', 'நீங்கள்' உண்டு. பதற்றத்தில் எனக்கு இரண்டும் இடம் மாறிவிடும். 'நீ' என்று பேச வேண்டிய பிர்கிட்டை 'நீங்கள்' என்றும், குறுக்கே வந்த காவல்காரப் பெண்ணை 'நீ' என்றும் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் பேசுவதை விட்டுவிட்டு என் கைகளை நீட்டிக் காட்டினேன். இப்படி. பிறகு இப்படி. பார்ப்பார்கள். போகச் சொல்வார்கள்.

பிர்கிட் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்படியென்றால் அவள் தினமும் எங்களிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்" என்றார். "நாங்கள் பதிலே சொல்லவில்லை."

தூரத்தில் ஷெரின் கூழாங்கல் தொட்டியில் கையைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"நாளையிலிருந்து நான் அவள் கையைப் பார்க்கிறேன்" என்றார் பிர்கிட். "அது சுலபம். ஆனால் பள்ளியில் ஒரு வகுப்புக்கு எவ்வளவு பிள்ளைகள்! அங்கே யார் பார்ப்பார்கள்? அந்த டாக்டர் பார்ப்பாரா?"

குற்றம் சொல்லும் குரலாக இருந்தால் கோபப்பட்டிருப்பேன். அவர் உண்மையாகவே கேட்டார்.

6

"டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடேன்" என்றார் சாம்.

சொல்லலாம். என்னவென்று சொல்வது? பரிசோதனை நேரத்தில் பெற்றோர் குறுக்கிடக் கூடாது என்று கடிதத்திலேயே போட்டிருந்தது. மீறிச் சொன்னாலும், குழந்தைக்கு அனுமதி இல்லாமல் எதையும் தொடத் தெரியாது என்றுதானே அவர் எழுதிக்கொள்வார்? அது பொய்யும் இல்லையே.

இரண்டு மனமாக இரண்டு மூன்று நாள் போனது. சமையலில் உப்பை மறந்தேன். ஷெரினைப் பார்த்துப் பார்த்துத் திரும்பினேன். கடைசியில் ஒரு சனிக்கிழமை மதியம் அவளைக் குளிப்பாட்டும்போது சொன்னேன்.

"ஷெரின், இனிமே கையைக் காட்ட வேணாம். தொடணும்னு தோணிச்சுன்னா தொடு."

"பிர்கிட்கிட்டயா?"

"எல்லார்கிட்டயும்தான். எல்லா எடத்துலயும்."

"வீட்லயும்?"

இந்த இடத்தில் நான் தடுமாறினேன். வீட்டில் மட்டும் இருக்கட்டுமே என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்றால் குழந்தை குழம்பிவிடும்.

"வீட்லயும் வேணாம்."

"அப்ப யாரு பாப்பாங்க?"

"யாரும் பாக்க மாட்டாங்க. நீயே பாத்துக்கணும்."

"யாருமே?"

சோப்பு நுரையோடு இருந்த தன் கைகளை அவளே பார்த்துக்கொண்டாள். திருப்பிப் பார்த்தாள். பிறகு ஜெர்மனில் "நல்லது" என்றாள். அவள் தனக்குத்தானே பேசும்போது தமிழை விட்டு வெகுநாளாகிவிட்டது. அதற்கு நான் பழகிவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பரிசோதனைக்குப் போன சுகாதார அலுவலகத்தில் நீளமான தாழ்வாரம். சுவரோரம் நாற்காலிகள். ஒரு பெண் கதவைத் திறந்து, "திருமதி தேவசகாயம்" என்று திக்கித் திக்கிக் கூப்பிட்டார். இந்த நாட்டு அலுவலகங்களில் என்னை என் அப்பா பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அவர் பெயர் இருக்கிறது. குடியாத்தத்தைத் தாண்டி வேலைக்குப் போகாத மனிதரின் பெயரை இங்கே ஒவ்வொரு தாழ்வாரத்திலும் யாராவது கூவுகிறார்கள்.

ஷெரினுக்கோ குடும்பப் பெயர் சாம். மருத்துவர் இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இது உங்கள் குழந்தைதானா?"

"ஆமாம். எங்கள் ஊரில் அப்பா பெயர்தான் கடைசியில் வரும்."

"அப்படியானால் தேவசகாயம் இவளுக்கு யார்?"

"தாத்தா."

அவர் எதையோ எழுதிக்கொண்டார். இவர்கள் எழுதும்போதெல்லாம் எனக்குக் கால் குளிர்ந்துவிடும்.

என்னை மூலையில் உட்காரச் சொன்னார்கள். ஷெரின் ஒற்றைக் காலில் நின்றாள். வட்டம் வரைந்தாள். மருத்துவர் காட்டிய படங்களைப் பார்த்துக் கதை சொன்னாள். பிறகு அவர் ஒரு துணிப்பையை மேசைமேல் வைத்தார். உள்ளே கையை விட்டு, பார்க்காமல், என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

ஷெரினின் கைகள் மேசை விளிம்பில் இருந்தன. அவை லேசாக எழும்பின. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையை அசைக்கவில்லை. அசைக்கக் கூடாது என்று என்னை நானே இறுக்கிக்கொண்டேன். அவள் மறுபடி பையைப் பார்த்தாள். நேராகக் கையை உள்ளே விட்டாள்.

"சீப்பு" என்றாள். "சாவி. பஞ்சு."

பள்ளிக்குத் தயார் என்று மருத்துவர் அங்கேயே சொல்லிவிட்டார். கைகுலுக்கினார். தாழ்வாரத்தில் நடந்து வரும்போது எனக்கு எதையோ பேருந்தில் விட்டுவிட்டு இறங்கியதுபோல இருந்தது. கைப்பையைத் திறந்து பார்த்தேன். எல்லாம் இருந்தது.

7

தேர்ச்சியான சந்தோஷத்தில் அம்மாவுக்குப் போன் செய்தேன். அப்போதுதான் கண்காட்சியில் நடந்ததைச் சொன்னேன். துளையில் வந்த கையை ஷெரின் சோதித்துப் பார்த்து, 'சரி, போ' என்றதைச் சொன்னேன். அம்மா சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது.

"டீச்சரம்மா கையவே செக் பண்ணிட்டாளா! எங்க சூப்பர்வைசரு தோத்தாரு போ."

அதன் பிறகு, இனிமேல் கையைக் காட்ட வேண்டாம் என்று ஷெரினிடம் சொன்னதையும் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். அதற்குள் அம்மா போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டாள். அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நகத்தையும் பாத்தாளா?"

"பாத்தாப்பா. ஒவ்வொண்ணா அழுத்திப் பாத்தா."

அவர் சிரிக்கிறார் என்று மட்டும் தெரிந்தது.

கோடை விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பினோம். ஷெரின் ஒரு வயது முடியாத குழந்தையாக இருந்தபோது போனது, அதன் பிறகு இப்போதுதான். சாமுக்கு லீவு கிடைக்கவில்லை. கிளம்புவதற்கு முன் கடைசியாகப் பேசியபோது அம்மா சொன்னாள்.

"உங்க அப்பா பண்ற அலம்பல் தாங்கல. காலைல ஒருவாட்டி சாயந்தரம் ஒருவாட்டி கையத் தேய்ச்சிக்கினு உக்காந்திருக்காரு. எலுமிச்சம்பழத் தோல எடுத்து நகத்துல போட்டுத் தேய்க்கிறாரு. பேத்தி செக் பண்ணப் போறாளாம். ஒரே பேஜாரு."

"அம்மா, அவ இப்பல்லாம்..." என்று ஆரம்பித்தேன்.

"இன்னா?"

"ஒண்ணும் இல்ல. நேர்ல சொல்றேன்."

சென்னையிலிருந்து காரில் வந்தோம். காவேரிப்பாக்கம் ஏரி தெரிந்தபோது ஷெரின் விழித்துக்கொண்டாள். அது கடலா என்று கேட்டாள். ஏரி என்றேன். இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"ஷெரின், தாத்தா வீட்டுக்குப் போனதும் தாத்தா கையை நீட்டுவாரு. நீ பாத்துட்டு, 'சரி, போ'ன்னு சொல்லணும். சரியா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன்? நீதான வேணாம்னு சொன்ன."

"தாத்தாவுக்கு மட்டும்."

"தாத்தா கை அழுக்கா?"

"இல்ல."

"அப்பறம் ஏன்?"

வேலூர் வரும் வரை பதில் தேடினேன். வேலூர் தாண்டியும் தேடினேன். ஷெரின் ஜன்னல் கண்ணாடியில் விரலால் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். கண்ணாடி அழுக்காகும், தொடாதே என்று வாய் வரை வந்ததை விழுங்கினேன். ஆம்பூருக்குள் கார் நுழைந்தபோது ஓட்டுநர் தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினார்.

அப்பா கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தார். ஷாப் வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. தலை நிறைய எண்ணெய், சர்ச்சுக்குப் போடும் வெள்ளைச் சட்டை. காரிலிருந்து நாங்கள் இறங்கியதும் அவர் ஒரு எட்டு முன்னால் வைத்தார், நின்றார். இரண்டு கைகளையும் நீட்டினார். உள்ளங்கை மேலே. நகங்களில் அந்த மஞ்சள் போகவே இல்லை. எலுமிச்சம்பழத்தால் போகிற மஞ்சள் இல்லை அது. கைகளைத் திருப்புவதற்குத் தயாராக, பரீட்சை எழுத வந்த பையன் மாதிரி நின்றார்.

"ஷெரின்" என்றேன்.

அவள் ஓடினாள். அவர் கைகளைப் பார்க்கவே இல்லை. நீட்டியிருந்த அந்த இரண்டு கைகளுக்கும் நடுவில் புகுந்து, அவர் வயிற்றில் முட்டி, இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

அப்பாவின் கைகள் அப்படியே அந்தரத்தில் நின்றன. நான் இந்த மனிதரை இப்படி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டதே இல்லை. தம்பியும் இல்லை. அவர் அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு திகைப்பு.

"இன்னும் பாக்கலியே" என்றார்.

"யோவ், புள்ளையப் புடிய்யா!" என்று அம்மா வாசலில் இருந்து கத்தினாள்.

அப்பா கைகளை இறக்கினார். வெள்ளைச் சட்டையின் இரண்டு பக்கமும் வைத்துத் துடைத்தார். உள்ளங்கையைத் துடைத்துவிட்டுப் புறங்கையையும் துடைத்தார். அதன் பிறகு அவள் முதுகில் வைத்தார்.